பன்னிரண்டு சொற்கள்

1960ஆம் ஆண்டு, பால்மரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆயினர். கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டில் உறுப்பினரின் பெயர் இருக்கும். சான்றிதழைத் தொலைத்தவர் அடையாள அட்டையோடு அலுவலகத்திற்குச் சென்று முறையிடலாம்.

2009இல் தோன்றிய பிட்காயின் என்னும் மின்னிலக்க நாணயத்திற்கும் பேரேடு உண்டு. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் படிகள் உள்ளன. ஆனால், அதில் யாருடைய பெயரும் இல்லை. முறையிட அலுவலகமும் இல்லை. முகவரிகளும் தொகைகளும் மட்டுமே உள்ளன. ஒரு முகவரியின் தனிச்சாவியை வைத்திருப்பவரே அதிலுள்ள நாணயங்களை அனுப்ப முடியும். ‘பணப்பை’ எனப்படும் செயலியில் நாணயம் இருப்பதில்லை, சாவிதான் இருக்கிறது.

தனிச்சாவி என்பது மிகப் பெரிய ஓர் எண். அதிலிருந்து பொதுச்சாவியும், பொதுச்சாவியிலிருந்து முகவரியும் கணக்கிடப்படுகின்றன. அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க முடியாததுபோல, முகவரியைக் கொண்டு தனிச்சாவியைக் கண்டறிய இயலாது.

அவ்வளவு பெரிய எண்ணைப் பிழையின்றி எழுதி வைப்பது கடினம். அதனால் 2013இல் ‘விதைச் சொற்கள்’ என்ற முறை வகுக்கப்பட்டது. ஒரு காசை 128 முறை சுண்டி, பூவா தலையா என்று குறிப்பதுபோல் செயலி தற்செயலாக ஓர் எண்ணை உருவாக்குகிறது. பிழையைக் கண்டறிய மேலும் 4 இலக்கங்களைச் சேர்க்கிறது. இந்த 132 இலக்கங்களைப் பதினொன்று பதினொன்றாகப் பிரித்தால் 12 தொகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு தொகுதியும் 2,048 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல்லைக் குறிக்கும். ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம் முதலிய மொழிகளில் அப்பட்டியல் உண்டு. தமிழில் இன்னும் இல்லை. வரிசை மாறினால் சொற்கள் பயன்படா.

கைப்பேசி பழுதானாலும், இந்தப் பன்னிரண்டு சொற்களை வேறொரு செயலியில் உள்ளிட்டால் எல்லாச் சாவிகளும் மீண்டும் கிடைத்துவிடும். அதே சொற்களைப் பார்த்துவிட்ட அந்நியருக்கும் அவ்வாறே கிடைக்கும்! ஆகவே, அவற்றைப் படம் பிடிக்காமல் தாளில் எழுதிப் பூட்டி வைப்பதே நல்லது. உதவி செய்வதாகக் கூறிச் சொற்களைக் கேட்பவர் பெரும்பாலும் திருடரே.

விதைச் சொற்கள் பரவாத காலத்தில், வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் தம் சாவியை ஒரு கணினி வன்தட்டில் வைத்திருந்தார். 2013இல் அது குப்பையோடு குப்பையாகப் போனது. குப்பைமேட்டைத் தோண்ட நகர மன்றம் அனுமதி மறுத்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றமும் அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ 8,000 பிட்காயின்கள் பேரேட்டில் அப்படியே இருக்கின்றன; எவரும் பார்க்கலாம், அவரால்கூட எடுக்க முடியாது.