கேட்டுவிட்டுச் சண்டை போடுவோம்

புது ஆல்பம் ஒன்று வந்தால் எங்கள் வட்டத்தில் அன்றே ரெண்டு கட்சி உருவாகிவிடும். இலஞ்சி பெரிய ஊர் இல்லை. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வயலும் தென்னந்தோப்பும் குமாரர் கோயிலுமாக இருக்கிற ஊர். இங்கே ராக் இசை கேட்க யார் இருக்கிறார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. பொறியியல் படித்துவிட்டு ஊர் திரும்பி விவசாயம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்த்து விடுமுறைக்கு வருபவர்கள் உண்டு. சாரல் காலத்தில் ஆரியங்காவு தாண்டிப் புனலூரிலிருந்து வந்து சேரும் மலையாள நண்பர்களும் உண்டு. ஒரு தோப்பில் பம்புசெட் அறைத் திண்ணையில் ஸ்பீக்கரை வைத்துக் கேட்போம், பிறகு வாதாடுவோம். பல வருடங்களாக இப்படிக் கேட்டும் வாதாடியும் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இசை கேட்கிற யாருக்கும் இவை உதவும் என்று நம்புகிறேன்.

எங்களை அதிகம் பேச வைத்தது, 2025-இல் வந்த அகம் இசைக்குழுவின் 'அரைவல் ஆஃப் தி எதீரியல்'. அகம் பெங்களூரைச் சேர்ந்த குழு. கர்நாடக இசையையும் ப்ரோக்ரஸிவ் ராக்கையும் சேர்த்து வாசிப்பவர்கள். சன் டிவியின் 'ஊ ல ல லா' போட்டியில் 2007-இல் வென்றபோதே தமிழ்நாட்டில் பலருக்கு அவர்களைத் தெரியும். முதல் ஆல்பம் 2012, இரண்டாவது 2017. மூன்றாவதற்கு எட்டு வருடம் காத்திருந்தோம். அத்தனை வருடம் காத்திருந்தவன் காதில் ஒரு ஆல்பத்தை ஏற்கெனவே கற்பனை செய்து வைத்திருப்பான். வந்தது அந்தக் கற்பனை மாதிரி இல்லை என்றால் கோபம் வரும். நூற்றுக்கணக்கான கலைஞர்களைச் சேர்த்துப் பிரம்மாண்டமாகச் செய்திருந்தார்கள். "இது ராக் இல்ல, சினிமா பின்னணி இசை" என்றது ஒரு கட்சி. "இத்தன பெருசா யோசிக்க நம்ம பக்கம் வேற யாரு இருக்கா?" என்றது மறு கட்சி. ஒரு மணி நேரம் கத்தினோம். இரு தரப்பும் முதல் இரண்டு பாடலைத் தாண்டிக் கேட்டிருக்கவில்லை என்பது அதன் பிறகுதான் தெரியவந்தது.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். முழு ஆல்பத்தையும், அவர்கள் வைத்த வரிசையிலேயே, நிறுத்தாமல் கேட்காதவர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. சாதாரண விதியாகத் தோன்றும், கடைப்பிடிப்பது கஷ்டம். ஆல்பத்துக்கு முன்பே ஒரு பாடலைத் தனியாக வெளியிடுவது இப்போது எல்லோரும் செய்வது. அந்த ஒன்றை வைத்தே மொத்தத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பந்தியில் அப்பளத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சாப்பாடு சரியில்லை என்று எழுந்து போவது போன்றது அது. மெதுவான பாடலை ஏன் நான்காவதாக வைத்தார்கள் என்பது மூன்றாவதைக் கேட்டு முடித்தவருக்குத்தான் புரியும்.

அடுத்ததை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராக் பக்கமே போகாத ஒருவர். எழுபதைத் தாண்டிய பெரியவர், நாதசுவர ரசிகர். காருகுறிச்சி அருணாசலம் வாசிப்பைச் சின்ன வயதில் நேரில் கேட்டவர். காருகுறிச்சியார் 1964-இலேயே மறைந்துவிட்டார் என்றால் இவர் நினைவின் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அகம் ஆல்பத்தில் ஷ்ரேயா கோஷல் சேர்ந்து பாடியிருக்கும் பாடல் ஒன்று, தியாகராஜரின் சாரமதி ராகக் கீர்த்தனையை எடுத்துக்கொண்டு செய்தது. "கீர்த்தனைய கிடாருக்குள்ள திணிக்கலாமா" என்று எங்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவர் திண்ணையில் உட்கார்ந்து முழுப் பாடலையும் கேட்டார். அவர் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

"பாடுதது நல்லாருக்கு. டிரம்ஸ் அடிக்கவனும் தாளம் தப்பாம அடிக்கான். ஆனா பாட்டு ஒரு எடத்துல இழுத்து நிக்குதுல்லா, அங்க இவன் ஏன் சும்மா இருக்க மாட்டேங்கான்? அந்த எடத்த திரும்பப் போடுங்க பாப்போம்" என்றார்.

போட்டோம். பாதிப் பேர் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், அந்த இடத்தில் டிரம்ஸ் நிரப்புவதால்தான் அடுத்து வருகிற பாய்ச்சலுக்கு வேகம் கிடைக்கிறது என்றார்கள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். யாரும் குரலை உயர்த்தவில்லை. தவில்காரர் நாதசுவரத்துக்கு வழிவிடுகிற முறையும் டிரம்மர் கிடாருக்கு உந்துதல் கொடுக்கிற முறையும் எங்கே பிரிகின்றன என்பது அன்று எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்கு முன் கீர்த்தனையைத் தொடலாமா கூடாதா என்று வாதாடியபோது ஒருவர் காதுக்கும் எதுவும் புதிதாகக் கிடைக்கவில்லை.

ஆகவே, வாதம் சூடாகும்போது இடத்தைக் கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த நிமிடம், எந்த வாத்தியம்? "மொத்தமா பிடிக்கல" என்பதோடு யாரும் வாதாட முடியாது. "ரெண்டாவது சரணத்துக்கு முன்னால கிடார் ரொம்ப நீளுது" என்று சொன்னால் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். நான் சொல்லுகிற மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கம்பன் பாடல்களைப் படித்துக் காட்டியவர்; பிறகு குற்றாலத்திலேயே தங்கிவிட்டார். ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டு, அதன் சந்தம் கேட்பவர் மனத்தில் இறங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்வார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்கியும் ராஜாஜியும் அவருடைய நண்பர்கள். 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று அவரும் கல்கியும் உறுதியாக நின்றார்கள். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நடந்த அந்த வாதம் சாதாரணமானது அல்ல; 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்ற வழி செய்தது. ரசிகர்கள் வாதாடினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எதில் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பேஸ் கிடாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தர முடியாது. எங்கள் நண்பர் ஒருவர் ஒரு குழுவில் பேஸ் வாசிப்பவரே சரியில்லை என்று வாதாடினார். இயர்போனில் போட்டுக் கொடுத்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இன்னொன்று, ஒரே பாடலைக் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் வைத்தால் காதுக்கு அதுதான் சிறந்ததாகத் தோன்றும். இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள்.

இது வெறும் நுணுக்கப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். மெட்டாலிக்கா 2008-இல் 'டெத் மேக்னெடிக்' வெளியிட்டபோது, மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே சத்தமாக நசுக்கப்பட்டு ஒலி சிதறுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள்தாம். அதே பாடல்கள் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமில் தெளிவாக ஒலித்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினார்கள். ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யக் கோரிய மனுவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒலிப்பதிவில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் போட்டியைப் பற்றிப் பேசும்போது இன்றும் அந்த ஆல்பத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். கூர்ந்து கேட்ட ரசிகர்களின் வேலை அது.

'பழைய மாதிரி இல்ல' என்ற குறை எல்லாக் குழுவுக்கும் வரும். லிங்கின் பார்க் விஷயத்தில் அது வலியோடு வந்தது. அந்தக் குழுவின் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017-இல் இறந்தார். ஏழு வருடம் கழித்து, 2024 நவம்பரில், எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பாடகியோடு 'ஃப்ரம் ஸீரோ' ஆல்பம் வந்தது. கல்லூரி விடுதியில் அவர்களுடைய 'ஹைப்ரிட் தியரி' கேட்டு வளர்ந்த எங்கள் வயதுக்காரர்களுக்குச் செஸ்டரின் குரல் சொந்த அண்ணன் குரல் மாதிரி. "அவன் எடத்துல இன்னொருத்தரா? நான் கேக்கவே மாட்டேன்" என்று ஒரு நண்பர் எழுந்தே போய்விட்டார். அவரை யாரும் கேலி செய்யவில்லை, செய்யவும் கூடாது. துக்கம் தீராதவரிடம் இசை விமரிசனம் பேசக்கூடாது. சில மாதம் கழித்து அவரே வந்து உட்கார்ந்தார். அன்று 2000-இல் வந்த 'ஹைப்ரிட் தியரி'யை முதலில் முழுதாகப் போட்டோம், பிறகு புதியதை. பழையதை நினைவிலிருந்து ஒப்பிட்டால், அதைக் கேட்ட வயதும் விடுதியும் நண்பர்களும் சேர்ந்தே தராசில் ஏறிவிடுகின்றன. அதே மாலையில் இரண்டையும் கேட்டால் பாடல் மட்டும் பாடலோடு நிற்கும். "செஸ்டர் மாதிரி பாடுகிறாரா?" என்று கேட்பதை விட்டு, "இந்தப் பாட்டுக்கு இந்தக் குரல் பொருந்துதா?" என்று கேட்க ஆரம்பித்தோம். என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட பாடல்களில் பொருந்துகிறது. அந்த நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்தப் பாட்டில் பொருந்தவில்லை என்று இப்போது அவரால் சொல்ல முடிகிறது.

தமிழில் பாடுகிற குழுக்களிடம் வரும்போது வாதம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றும் சேர்ந்த இசை. பெயரே அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற' என்ற தொடரிலிருந்து வந்தது. அவர்களுடைய இட ஒதுக்கீடு பற்றிய பாடலைப் போட்டபோது, "மேடைப் பேச்சு மாதிரி இருக்கு, பாட்டா இல்ல" என்றார் ஒருவர். தாளக்கட்டைப் பற்றி நாங்கள் அலசிக்கொண்டிருந்தோம். அதுவரை பேசாமல் இருந்த தம்பி ஒருவர் சொன்னார்: "நீங்க தாளத்தப் பத்திப் பேசுதிய அண்ணாச்சி. அந்தப் பாட்டுல வர்ற கேள்விய என்கிட்ட ஹாஸ்டல்ல நேர்லயே கேட்டிருக்கானுவ."

அதன் பிறகு தாளத்தைப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். பாட்டு யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவரை முதலில் பேச விட வேண்டும். வாத்தியத்தையும் மெட்டையும் அப்புறம் பேசலாம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இதே தென்காசி மாவட்டத்து மண்ணில் பிறந்தது. காவடி தூக்கி நடப்பவரின் கால் சொன்ன தாளம் அது. நடப்பவரை மறந்துவிட்டுச் சிந்தின் சந்தத்தை மட்டும் பேசினால் எவ்வளவு குறைபடுமோ, அவ்வளவு குறைபடும் வட சென்னையை மறந்துவிட்டுக் கானாவைப் பேசினால்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற குழுக்களையும் தமிழ் ரசிகர்கள் தவறவிடக் கூடாது. அவியல் குழு 2008-இலேயே மலையாளத்தில் முழு ராக் ஆல்பம் கொடுத்துவிட்டது. '96' படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா, தைக்குடம் பிரிட்ஜ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். '96' பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் அந்தக் குழுவின் 'நவரசம்' ஆல்பத்தையும் கேட்க வேண்டும். மொழி புரியாது என்ற தயக்கம் எங்கள் ஊரில் இல்லை. 1956 வரை பக்கத்துச் செங்கோட்டையே முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது.

கடைசியாகப் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ரசிகர்கள் இதைப் பேசுவதே இல்லை. டெல்லியின் இந்தியன் ஓஷன் குழு, 2010-இல் '16/330 கஜூர் ரோடு' ஆல்பத்தின் பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. மேடை நிகழ்ச்சிகளில் பெயர் நிலைத்த குழு என்பதால் அவர்களால் அப்படிச் செய்ய முடிந்தது. புதிதாக ஆரம்பிக்கிற குழுவால் அது முடியாது. இணையத்தில் ஒருவர் ஒரு பாடலைக் கேட்பதால் கலைஞர் கைக்குப் போவது ஒரு ரூபாய்கூட இல்லை. ஒரு குழுவின் ஆல்பத்தைப் பற்றி நாள் கணக்கில் வாதாடுகிற நாம், அவர்கள் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வந்தால் டிக்கெட் வாங்கிப் போக வேண்டும். அகத்தைத் திட்டிய கட்சியும் பாராட்டிய கட்சியும் ஒரே வேனில் போய்க் கேட்கலாம். திரும்பி வரும்போது பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டே மீதிச் சண்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

சினிமாப் பாட்டுக்கு வெளியே இசை செய்கிறவர்களுக்குப் பெரிய விளம்பரம் கிடையாது. ரசிகர்களின் பேச்சுதான் அவர்களை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. உங்கள் ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள், கூட்டிக்கொள்ளுங்கள். பிடிக்காத ஆல்பத்தையும் முழுதாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்த இடம் என்று சொல்லுங்கள்.