காண்டாமிருகம்: கானகத்திலும் கலையிலும்

‘கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைச் சிறு வயது முதற்கொண்டு கேட்டுவந்தோமேனும், இதன் பொருளை உள்ளவாறு உணர்ந்தார் சிலரே. இப்பழமொழியின் மூன்று பகுதிகளும் எத்துணை உண்மையானவை என்பதைக் காண்டாமிருகம் என்னும் ஒரு விலங்கின் வரலாற்றைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சங்கரன்கோவில் வட்டத்து மேலநீலிதநல்லூர் போன்ற ஓர் ஊரிற் பிறந்து வளர்ந்த மாணவன், ஆட்டையும் மாட்டையும் மயிலையும் நரியையும் நேரிற் கண்டறிவான். காண்டாமிருகத்தையோ பாடப் புத்தகத்திலுள்ள படத்தின் வாயிலாகவே அறிவான். அவனை நோக்கி, “ஆபிரிக்காவிலுள்ள கருங்காண்டாமிருகத்தை வரைக” என்றால், மூக்கின்மேல் ஒற்றைக் கொம்பும், கேடயங்களை அடுக்கினாற்போல் மடிந்து தொங்கும் தோலும் உடையதாகவே பெரும்பாலும் வரைவான். அவ்விரண்டும் பிழை. ஆயினும் அம்மாணவனை நகைத்தல் வேண்டா. ஐரோப்பாவின் பேரோவியர்களும் பெரும் யாத்திரிகர்களும் அதே பிழையைச் செய்திருக்கின்றனர்.

உருவும் இயல்பும்

இந்நாளில் உலகில் எஞ்சியுள்ள காண்டாமிருகங்கள் ஐவகைப்படும். ஆபிரிக்காவில் இரண்டும் ஆசியாவில் மூன்றும் உள்ளன. நம் தேசத்து அஸ்ஸாம் முதலிய இடங்களில் வாழ்வது ஒற்றைக் கொம்புடையது. அதன் தோலே மடிப்பு மடிப்பாய்க் கவசம்போற் காணப்படும். ஆபிரிக்க வகைகளுக்கோ ஒன்றன்பின் ஒன்றாக இரு கொம்புகள் உண்டு. தோல் பெருமடிப்புக்களின்றி உடலோடு ஒட்டியிருக்கும்.

ஆபிரிக்க வகைகளுள் ஒன்றைக் கரியதென்றும் மற்றொன்றை வெள்ளையென்றும் வழங்குகின்றனர். இப்பெயர்களை நம்பி நிறத்தால் அவற்றைப் பிரித்தறிய முயல்வோர் ஏமாறுவர். இரண்டும் சாம்பல் நிறத்தனவே. உண்மை வேறுபாடு உதட்டில் உள்ளது. வெள்ளைக் காண்டாமிருகத்தின் வாய் அகன்று தட்டையாய்ப் புல் மேய்தற்கு ஏற்றதாயிருக்கும். கருங்காண்டாமிருகத்தின் மேலுதடு கூராய் வளைந்து, ஒரு விரலைப்போலச் செடிகொடிகளின் தளிரையும் கிளையையும் பற்றியிழுத்து வாயிலிட உதவும். முள்ளும் உறைப்பும் மிகுந்த புதர்களே அதற்கு விருந்து. பதினைந்து மாதம் சூல் சுமந்து ஒரு கன்றையே ஈனும். குறுகிய பாதைகளிலே தாய் முன்செல்லக் கன்று பின்தொடரும்.

இதன் கண்பார்வை மிகக் குறைவு. மோப்பமும் செவியுமே இதற்குத் துணை. வேறொரு துணையும் உண்டு. நம் ஊர்களில் எருமையின் முதுகின்மேல் கரிச்சான்குருவி அமர்ந்திருத்தலைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே ஆபிரிக்காவிலும் ஒருவகைக் குருவி காண்டாமிருகத்தின்மேல் அமர்ந்து உண்ணியைக் கொத்தித் தின்னும். அந்நாட்டுச் சுவாஹிலி மொழியினர் அதனைக் ‘காண்டாமிருகத்தின் காவலாள்’ என்றே பெயரிட்டழைத்தனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அக்குருவியின் கூக்குரலைக் கேட்ட விலங்கு, மனிதன் அணுகுவதை முன்னதாகவே அறிந்துகொள்ளுகிறதென்று காட்டிற்று. நாட்டு மக்கள் இட்டு வழங்கிய பெயர் மெய்யாயிற்று. ஆகவே கேட்டதனைத்தும் பொய்யென்று தள்ளிவிடலும் தகாது. தீர விசாரித்தே தள்ளவோ கொள்ளவோ வேண்டும்.

நம் நாட்டில் காண்டாமிருகம்

இவ்விலங்கு நம் தென்னாட்டுக்கு முற்றிலும் அயலானதென்று எண்ணற்க. பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சாத்தான்குளத்துக்கு அண்மையில், காண்டாமிருகமொன்றின் கல்லாய்ச் சமைந்த உடலெச்சம் 20ஆம் நூற்றாண்டிற் கண்டெடுக்கப்பட்டது. பல்லாவரத்திற் பழங்கற்கருவியை 1863இற் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவரே, கன்னட நாட்டுக் கோகாக்கு அருகிற் கிடைத்த மற்றொரு காண்டாமிருக எச்சத்தை 1874இல் விவரித்தெழுதினார். இன்று பனையும் உடையும் நின்று வெயில் காய்கின்ற நம் நிலத்தில், ஒரு காலத்தில் இப்பெருவிலங்கு உண்டு உறங்குதற்கேற்ற நீரும் நிழலும் புல்லும் இருந்தன என்பதற்கு இவையே சாட்சி.

வடக்கே சிந்துவெளி மக்கள் இதனை நேரிற் கண்டு பழகியிருந்தனர். மொஹஞ்சதாரோவில் அகப்பட்ட முத்திரைகள் சிலவற்றில் இதன் உருவம் உள்ளது. ஓரங்குல அளவே பரந்த சிறு கல்லில், ஒற்றைக் கொம்பும், மடிந்த தோலும், தோலின்மேற் புடைத்த சிறு பருக்களும் பிழையின்றிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1974இல் மகாராஷ்டிரத்துத் தைமாபாத்திற் கிடைத்த பழைய வெண்கல உருவங்களுள்ளும் ஒரு காண்டாமிருகம் உண்டு. குப்த மன்னனாகிய முதலாம் குமாரகுப்தன் குதிரைமீதமர்ந்து காண்டாமிருகத்தை வெட்டுவதாகப் பொற்காசு ஒன்றை அச்சிட்டான். 16ஆம் நூற்றாண்டில் பாபர் பேஷாவரைச் சூழ்ந்த காடுகளில் இதனை வேட்டையாடியதைத் தம் சரித்திரத்திற் குறித்துள்ளார். அக்காடுகளில் இன்று ஒரு காண்டாமிருகமும் இல்லை.

கேட்டு வரைந்த படம்

1514ஆம் ஆண்டளவிற் கூர்ச்சரத்து சுல்தான் இரண்டாம் முஸாபர் ஷாவிடம், தியூவிலே கோட்டை கட்டிக்கொள்ள உத்தரவு வேண்டி, போர்த்துக்கேசியத் தலைவர் அல்புகெர்க் தூதனுப்பினார். சுல்தான் உத்தரவு தரவில்லை. அதற்கு ஈடாக அரிய வெகுமதிகளைத் தந்தார். அவற்றுள் ஒன்று உயிருள்ள காண்டாமிருகம். கோவாவிலிருந்து கப்பலேறிய அது, 1515 மே மாதம் 20ஆம் நாள் லிஸ்பன் துறையில் இறங்கிற்று. உரோமர் காலத்துக்குப்பின் ஐரோப்பிய மண்ணில் இவ்விலங்கு அடிவைத்தது அதுவே முதன்முறை என்பர். யானைக்கும் இதற்கும் தீராப் பகை என்று பழைய நூல்கள் கூறியதைச் சோதிக்க அரசர் மானுவேல் ஒரு போட்டி ஏற்படுத்தினார். இளயானையோ போரிடாமலே ஓடிப்போயிற்று. பின்னர் இவ்விலங்கைப் போப்பரசருக்குக் காணிக்கையாக அனுப்பினர். வழியிலே இத்தாலியக் கரையருகில் கப்பல் புயலிற் சிக்கிக் கவிழ்ந்தது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த அவ்வேழை விலங்கு நீந்தித் தப்பவும் வழியின்றி மாண்டது.

இதனைப்பற்றிய கடிதமொன்றும் சிறு படமொன்றும் ஜெர்மனி தேசத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் கையிற் கிடைத்தன. விலங்கை ஒருநாளும் கண்டிராத அவர், அவற்றைக்கொண்டே 1515இல் மரச்செதுக்குப் படமொன்று செய்து அச்சிட்டார். தோலின் மடிப்புக்களைப் போர்வீரனது இரும்புக் கவசமாகவே ஆக்கினார். கால்களிற் செதில்களை அமைத்தார். முதுகின்மேல் இல்லாத இரண்டாவது சிறு கொம்பொன்றையும் முளைக்கவைத்தார். கலைத்திறத்தில் அப்படத்துக்கு இணையில்லை. ஆயின் அது கேட்டு வரைந்த படம். இருநூறாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய நூல்கள் அதனையே பெயர்த்துப் பெயர்த்து அச்சிட்டன. சிந்துவெளியின் பெயர் தெரியாச் சிற்பி கண்டு செதுக்கியது மெய்யாய் நிற்க, உலகம் போற்றும் ஓவியர் கேட்டு வரைந்தது பொய்யாய் முடிந்தது.

கண்டு வரைந்த படம்

அங்ஙனமாயின் நேரிற் கண்டவர் பிழை செய்யாரோ? ஸ்காத்துலாந்து யாத்திரிகர் ஜேம்ஸ் புரூஸ் என்பவர் நீல நதியின் மூலத்தைத் தேடி அபிசீனியா சென்றவர். அவர் 1790இல் வெளியிட்ட நூலில், டூரரது படத்தைக் குறைகூறி, இருகொம்புடைய ஆபிரிக்கக் காண்டாமிருகத்தின் படமொன்றைத் தாம் தந்தார். கொம்பு இரண்டாயிருத்தல் சரியே. ஆனால் தோலிலோ, ஆபிரிக்க விலங்குக்கு இல்லாத பெருமடிப்புக்கள் விழுந்திருந்தன! முன்னே கண்ட படம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. அவர் விலங்கைக் கண்டார். கண்டபின்னும் ஏட்டிலிருந்த விலங்கையே வரைந்தார். இதனினும் வியப்பு யாதெனில், 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமச் சக்கரவர்த்தி தொமித்தியன் அச்சிட்ட சிறு செப்புக்காசிலே இருகொம்புக் காண்டாமிருகம் செம்மையாகப் பொறிக்கப்பட்டிருத்தலேயாம். உரோமர் அறிந்த உண்மையைப் பின்னோர் மறந்தனர்.

பெயர்த்தெழுதுவோரும் இத்தகைய இடர்ப்பாட்டுக்கு உட்பட்டவர்களே. பழைய தமிழ் வேதாகமத்தில் யோபு 39ஆம் அதிகாரத்திற் ‘காண்டாமிருகம்’ என்னும் பெயர் வருதலை நம்மிற் பலர் படித்திருக்கிறோம். அவ்விடத்து எபிரேயச் சொல்லாகிய ‘ரேம்’ என்பது காட்டெருதைக் குறிப்பதென்று இக்காலத்து அறிஞர் கொள்கின்றனர். பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதனை ஒற்றைக்கொம்பன் என்று வைத்தமையால், அச்சொல் மொழிக்கு மொழி உருமாறி நம்மிடம் வந்து சேர்ந்தது.

பொய்யின் விலை

படத்திலுள்ள பொய்யால் எவர்க்கும் உயிர்ச்சேதமில்லை என்று சிலர் கருதலாம். கொம்பைப்பற்றிய பொய் அவ்வாறன்று. காண்டாமிருகக் கொம்பு நோய் தீர்க்குமென்று கீழ்த்தேசங்களிற் பலர் நம்பினர். ஏமன் நாட்டில் அதனாற் கட்டாரிக்குப் பிடி செய்து அணிதல் பெருமையெனப்பட்டது. உண்மையில் அக்கொம்பினுள் எலும்பு இல்லை. நம் நகமும் மயிரும் எப்பொருளாலாயினவோ அக்கெராட்டின் என்னும் பொருளே திரண்டு கொம்பாய் நிற்கின்றது. நகத்தைக் கடித்துத் தின்பவன் எவ்வளவு நலம் பெறுவானோ, கொம்புப் பொடியை உண்பவனும் அவ்வளவே பெறுவான்.

இந்த ஒரு பொய்யின் பொருட்டு மாண்ட உயிர்கள் எத்தனை! 1960ஆம் ஆண்டளவில் ஓரிலக்கமென மதிக்கப்பட்ட கருங்காண்டாமிருகங்கள், 1995இல் 2,500க்கும் குறைந்தன. மேற்காபிரிக்கப் பிரிவு அடியோடு அற்றுப்போயிற்றென்று 2011இல் அறிவித்தனர். சர்வதேச வியாபாரம் 1977இல் தடுக்கப்பட்டும் கள்ளவேட்டை நிற்கவில்லை. 1989இல் நமீபியா நாட்டார், விலங்கை மயக்கிக் கொம்பைத் தாமே அறுத்துவிடும் உபாயத்தைத் தொடங்கினர். வேரைத் தொடாது அறுத்தால் நகம்போல் மீண்டும் வளரும். இத்தகைய முயற்சிகளாலும் காவலாட்களின் உயிர்த்தியாகத்தாலும் இன்று அவற்றின் தொகை 6,000க்கு மேல் ஏறியிருக்கின்றது.

நம் தேசத்திலும் அஸ்ஸாமின் காசிரங்காவில் 1905 முதல் தொடங்கிய பாதுகாப்பு, அழிவின் விளிம்பில் நின்ற ஒற்றைக் கொம்பு விலங்கைக் காத்தது. 2022இல் எடுத்த கணக்கில் அங்கே 2,613 இருந்தன. 2021 செப்டம்பர் 22ஆம் நாள், கருவூலங்களிற் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளை அம்மாகாணத்தார் போகாகாட்டில் வெளிப்படையாகத் தீயிட்டெரித்தனர். விலைமதிப்பற்ற மருந்தென்று உலகம் மயங்கிய பொருள், மயிர் பொசுங்குவதுபோற் பொசுங்கிச் சாம்பலாயிற்று. தீர விசாரித்து மெய்யை நாட்டுவதற்கு இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

மாணவ நண்பர்களே! கேட்டு வரைந்தார் டூரர். கண்டும் பிழைத்தார் புரூஸ். விசாரியாது நம்பியவர்களால் ஓர் உயிரினமே அழிவின் வாயிற்படி வரை சென்றது. நாம் நாடோறும் ஏட்டிற் படிப்பனவும், பிறர்வாய்க் கேட்பனவும், நம் கண்ணாற் கண்டனவென்று நினைப்பனவுமாகிய இவையெல்லாம் முன்னோர் வரைந்த படங்களின் வழியாகவே பெரும்பாலும் நம்மை வந்தடைகின்றன. அவற்றை மெய்யோடு ஒத்துப்பார்க்கும் பழக்கமே கல்வியின் பயன். சாத்தான்குளத்து மண்ணினின்று வெளிப்பட்ட அப்பழைய எச்சத்தை நினைமின். ஒரு காலத்தில் நம் சீமையில் வாழ்ந்த விலங்கு இன்று நமக்குப் படமாய் மட்டும் எஞ்சிற்று. ஆபிரிக்கக் காட்டிலும் அஸ்ஸாமின் புல்வெளியிலும் உயிரோடு உலவும் அதன் இனத்தாரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் படமாய் முடியாதிருக்கும்படி மெய்யை ஆராய்ந்து பேணுதல் கற்றார் கடனாம்.