அமாவாசையும் பௌர்ணமியும் கிள்ளான் வெள்ளமும்

இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. நான் கட்டுமானப் பொறியியல் படிக்கும் மாணவன். வகுப்பில் படித்ததை நம் ஊரோடு வைத்துப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 18. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் என் மாமா வீட்டில் இருந்தோம். பாட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதே கீழே சாமி அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள்தான் படகு கிடைத்தது. படகில் உட்கார்ந்தபடி பாட்டி கேட்டார்: "மழதான் நின்னுடுச்சே ஐயா, தண்ணி ஏன் இன்னும் போகல?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று ஓரளவு தெரியும். அந்தப் பதில்தான் இந்தப் பாடம்.

1. தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது

கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர் நீளம். மலையில் பிறந்து, கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடி, ஷா ஆலம், கிள்ளான் வழியாகக் கடலுக்குப் போகிறது. மேலே பெய்யும் மழையெல்லாம் கடைசியில் கிள்ளானுக்குத்தான் வரும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கடல் வருகிறது. ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். இதைத் தமிழில் ஓதம் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் சூரியன், நிலவு இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால் ஏற்றம் அதிகம். உச்சம் பெரும்பாலும் அதற்கு ஓரிரு நாள் கழித்து வரும். அந்நாள்களில் போர்ட் கிள்ளானில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 4 மீட்டர். ஒரு மாடி உயரத்தைவிட அதிகம்!

2021 டிசம்பரில் என்ன நடந்தது? வெப்பமண்டலக் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று ஒரு மாத மழையை ஓரிரு நாளில் கொட்டியது. டிசம்பர் 19 பௌர்ணமி. ஆறு நிரம்பி வந்த நேரத்தில் கடலும் உயர்ந்து நின்றது. நாடு முழுக்க 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2. கதவு மூடினால் மழை எங்கே போகும்?

கிள்ளான் கரையோரத்தில் பல இடங்கள் ஓதம் ஏறும் மட்டத்தைவிடத் தாழ்வானவை. அதனால் மண்கரை கட்டி, கால்வாய் முனையில் கதவு வைத்திருக்கிறார்கள். கடல் இறங்கும்போது கதவு திறந்து ஊர்த்தண்ணீர் வெளியேறும். கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ளும்.

சரி, கதவு மூடியிருக்கும்போது மழை பெய்தால்? உள்ளே விழும் தண்ணீருக்குப் போக இடமில்லை. நம்மைக் காக்கும் கரையே அப்போது நம்மைத் தொட்டிக்குள் அடைத்துவிடுகிறது. பாட்டியின் கேள்விக்கு முக்கியமான பதில் இதுதான்: தாழ்ந்த நிலம், வெளியே உயர்ந்து நிற்கும் ஆறு.

ஆகவே கரையும் கதவும் மட்டும் போதாது. தண்ணீரைத் தற்காலிகமாகத் தேக்க ஒரு குளம் வேண்டும். கரைக்கு மேல் இறைத்துத் தள்ள பம்பு வேண்டும். மின்சாரம் போனாலும் பம்பு ஓட டீசல் இயந்திரம் வேண்டும். சிங்கப்பூரில் 2008இல் திறந்த மரினா அணையும் இதே தத்துவம்தான்: கடல் தாழ்ந்தால் 9 கதவுகள் திறக்கும், உயர்ந்தால் 7 பம்புகள் இறைக்கும்.

கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் 2007இல் வந்தது. 9.7 கிலோமீட்டர் நீளம், சுமார் 30 லட்சம் கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். நகர மையத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தத் தண்ணீரும் பிறகு கிள்ளான் ஆற்றுக்கே திரும்புகிறது. கீழே இருக்கும் கிள்ளானுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை.

3. புயல் நமக்கு வருமா?

1964 டிசம்பர் 22 இரவு, தமிழ்நாட்டின் தனுஷ்கோடியைப் புயல் அலை அழித்தது. 100க்கும் மேற்பட்டோர் இருந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. புயல் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும்.

நமக்கு சுமத்ரா தீவு ஒரு சுவர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் புயல் உருவாவதும் அரிது. ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரை கடந்தது. "இங்கெல்லாம் வராது" என்று சும்மா இருக்க முடியாது. புயலே வராவிட்டாலும், 2024 அக்டோபரில் காப்பார், கம்போங் தோக் மூடாவில் ஓதத்தண்ணீரே வீடுகளுக்குள் புகுந்தது. கடல்மட்டமும் மெல்ல உயர்ந்து வருகிறது. நம் கரைகளோ மென்மையான களிமண் மேல் நிற்பதால் காலப்போக்கில் அமிழும். ஐந்து கிலோமீட்டர் கரை நன்றாக இருந்தும் ஐந்து மீட்டர் உடைந்தால் அவ்வளவுதான்.

கரைக்கு முன்னால் நிற்கும் காட்டுக்கு நம் மொழியில் அழகான பெயர் உண்டு: அலையாத்தி. அலையை ஆற்றுவது. அந்தக் காட்டை வெட்டிவிட்டுக் கரையை மட்டும் உயர்த்தினால், அலையின் முழு அடியும் கரைமேல்தான்.

4. நாம் செய்யக்கூடியது

தீபாவளி எப்போதும் அமாவாசையை ஒட்டியே வருகிறது. அது அக்டோபர், நவம்பர் மாதம். மேற்குக் கரையில் மாலை மழை அதிகமான காலம். பெரிய ஓதங்கள் வரும் காலமும் பெரும்பாலும் அதுவே. தெங்கு கிளானா சாலையில் துணி வாங்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த வகுப்புக்குள் ஒவ்வொரு கிளையும் மூன்று வேலை செய்யட்டும்.

ஒன்று, வீட்டு நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் அதற்கடுத்த இரண்டு நாளையும் வட்டமிடுங்கள். அந்நாள்களில் கனமழை என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' பக்கத்தில் ஆற்று மட்டத்தைப் பாருங்கள்.

இரண்டு, உங்கள் தாமானின் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியே, எந்தக் கதவுக்குப் போகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். குப்பை அடைத்திருந்தால் படம் எடுத்து நகராண்மைக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.

மூன்று, கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் எடுங்கள். அவர்களை யார் போய்த் தூக்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

கரையும் பம்பும் கட்டுவது அரசாங்கத்தின் வேலை. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் அன்று என் பாட்டியைத் தூக்கியது இரண்டு வீடு தள்ளி இருந்த ஓர் அண்ணன். அந்த வேலைக்கு எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை.

பாட்டி இன்றும் பௌர்ணமிக்கு விரதம் இருக்கிறார். இப்போது விளக்கேற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஆறு எவ்வளவு ஐயா?" என்று கேட்கிறார். நான் பார்த்துச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.