வால்வு ஆம்ப்ளிபயர் மேஜைக்கு வந்தால்

ஐடிஐ-யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் முடித்துவிட்டு, புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு மைக் செட் கடையில் கை பழகிக்கொண்டிருக்கிறீர்களா? டிவி போர்டும் சார்ஜரும் பார்க்கிற அதே மேஜைக்கு ஒருநாள் கனமான இரும்புப் பெட்டி ஒன்று வரும். உள்ளே கண்ணாடி வால்வுகள். கொண்டுவந்தவர் சர்ச்சில் கிடார் வாசிப்பவராக இருக்கலாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாத்தா கொண்டுவந்து போட்டதைப் பரணிலிருந்து இறக்கிய பேரனாக இருக்கலாம். “கிடாருக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர முடியுமாண்ணே?” என்று கேட்பார். முடியும். ஆனால் மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் இருப்பதுதான் நீங்கள் கற்க வேண்டிய தொழில்.

இது சின்னக் கடைக்கு எட்டாத வேலை என்று நினைக்க வேண்டாம். கிடார் ஆம்ப்ளிபயருக்குப் பெயர்போன லியோ ஃபெண்டர் 1938-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரான் உள்ளிட்டவர்கள், 1962 வாக்கில் ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்ளிபயர் சர்க்யூட்டை அடியொற்றி, தங்கள் ஊரில் கிடைத்த டிரான்ஸ்பார்மர்களைப் போட்டு முதல் மார்ஷல் ஆம்ப்ளிபயரைக் கட்டினார்கள். எல்லாமே ரிப்பேர் மேஜையில் பிறந்தவைதான்.

முதலில் உயிர். நீங்கள் பழகிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் 40, 50 வோல்ட் இருக்கும். இதில் 300 முதல் 450 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பில்டர் கண்டன்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கே, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் போட்ட கிளிப் வயர் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை சேசிஸில் மாட்டி, இன்னொன்றைக் கண்டன்சரின் பிளஸ்ஸில் அரை நிமிடம் வையுங்கள். பிறகு மீட்டரில் அளந்து, சுழியத்துக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி கிளப்புவது திறமை இல்லை. மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும். செருப்பு இல்லாமல், ஈரத் தரையில் இந்த வேலை கூடவே கூடாது.

பல வருடம் தூங்கிய பெட்டியை நேரே 230 வோல்ட்டில் செருகாதீர்கள். வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். பிரான்சில் 110, 127 வோல்ட் இருந்த காலத்துப் பெட்டிகளில் பின்பக்கம் சின்ன மாற்றுத் தக்கை இருக்கும். அது 127-இல் நிற்கும்போது நம் பிளக்கில் போட்டால் டிரான்ஸ்பார்மர் போய்விடும். அமெரிக்கப் பெட்டி என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே கட்டிய டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சுடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து சீரீஸ் லேம்ப், அதாவது பெட்டிக்குப் போகும் மெயின்ஸ் வயரில் தொடராக மாட்டும் பல்பு. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள், எல்இடி பல்பு இதற்கு ஆகாது. எல்லா வால்வையும் கழற்றிவிட்டுப் போடும்போது பல்பு மங்கினால் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது, பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் ஷார்ட். ஒன்றை மறக்காதீர்கள்: வால்வுகளைப் போட்டுப் பார்க்கும்போது ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ளுக்குள் பொறிந்து போகும். மோட்டார் காயில் கட்டும் கடையில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரைக் கட்டி வாங்கலாம். அவுட்புட் அப்படி இல்லை, அதில் பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காக மாறி மாறிச் சுற்றியிருக்கும். அந்த அடுக்கு தெரியாமல் சுற்றினால் சத்தம் செத்துவிடும்.

பெட்டி பாடாமல் போவதற்கு வால்வைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். என் கணக்கில் முதல் குற்றவாளி கண்டன்சர். காய்ந்த பில்டர் கண்டன்சர் ‘ம்ம்ம்’ என்று ஹம் கொடுக்கும். அதைவிட மோசம் கசியும் கப்ளிங் கண்டன்சர். அவுட்புட் வால்வைக் கழற்றி, சாக்கெட்டில் அதன் கிரிட் பின்னுக்கான இடத்தில் டிசி அளந்து பாருங்கள். சுழியமோ மைனஸோ காட்ட வேண்டும். பிளஸ் காட்டினால் கண்டன்சர் கசிகிறது, புது வால்வு போட்டாலும் அதன் பிளேட் சிவந்து வீணாகும். நம் கடலோரக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சாக்கெட்டைத் துருவேற்றும், வால்யூம் கண்ட்ரோலைக் கரகரக்க வைக்கும். சுத்தம் செய்தாலே பாதிப் புகார் தீரும்.

இப்போது மாற்றம். பழைய வால்வு மைக் செட் ஆம்ப்ளிபயரைக் கிடாருக்குத் திருப்புவதுதான் நம் பக்கத்தில் செய்யத்தக்க நல்ல வேலை. கிடார் பிக்கப்புக்கு இன்புட்டில் 1 மெக் வேண்டும். மைக்குக்கான குறைந்த ஓம் இன்புட்டில் செருகினால் மேல்சுருதியெல்லாம் மழுங்கும். கிரிட்டுக்கு முன்னால் 68 கே போட்டால் ரேடியோ ஸ்டேஷன் உள்ளே புகாது. அவுட்புட்டில் 100 வோல்ட் லைன் டெர்மினலை விட்டுவிட்டு, 8 அல்லது 16 ஓம் டெர்மினலில் அதே ஓம் ஸ்பீக்கரைக் கொடுங்கள். கோயில் திருவிழாக் குழாய் கிடாரின் கீழ் சுருதியைத் தாங்காது, 12 இஞ்ச் கோன் ஸ்பீக்கர் தேவை. சேசிஸில் புது ஓட்டை மட்டும் போடாதீர்கள். நீங்கள் செய்த எதையும் இன்னொரு மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் பழையபடி திருப்ப முடிய வேண்டும்.

எர்த் மட்டும் விதிவிலக்கு. இரண்டு வயர் பிளக்கோடு வந்ததை மூன்று வயராக மாற்றாமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். பழைய அமெரிக்கப் பெட்டிகளில் மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு கண்டன்சர் இருக்கும், அதையும் கழற்றிவிடுங்கள். திருவிழா மேடை பல நேரம் ஜெனரேட்டரில் ஓடுகிறது, எர்த் குழி இருக்கிறதோ இல்லையோ. கம்பியில் விரலும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உயிர் உங்கள் வயரிங்கில் இருக்கிறது.

வால்வு எங்கே கிடைக்கும்? பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகளைச் சென்னை ரிச்சி தெருவிலும் புதுச்சேரி ஞாயிறு சந்தையிலும் தேடலாம். புதியவை ஸ்லோவாகியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகின்றன. ஈசிசி83-உம் 12ஏஎக்ஸ்7-உம் ஒன்று, இஎல்84-உம் 6பிக்யூ5-உம் ஒன்று. இந்த இரட்டைப் பெயர்கள் தெரிந்திருந்தால் அலைச்சல் குறையும்.

கூலியை இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள், பழுது பார்த்ததற்கு ஒன்று, மாற்றியதற்கு ஒன்று. திறந்து பார்ப்பதற்கும் கூலி உண்டு என்று பெட்டியை வாங்கும்போதே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே சூடு படாத மூலையில் ஒட்டுங்கள். மேலே தேதி, என்ன மாற்றினீர்கள், ஒவ்வொரு வால்வின் பிளேட்டிலும் எத்தனை வோல்ட் அளந்தீர்கள், உங்கள் கடைப் பெயர். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் முதலில் படிப்பது அதைத்தான்.