இணையப் பக்கத்தைப் படமாக்கும் சேவையைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் இணையப் பக்கத்தின் முகவரியை அனுப்பினால் அதன் தோற்றத்தைப் படக்கோப்பாகத் திருப்பித் தரும் சேவைகள், அதாவது ஸ்கிரீன்ஷாட் ஏபிஐகள், இன்று ஏராளமாக விற்பனைக்கு உள்ளன. அர்ல்பாக்ஸ், ஸ்கிரீன்ஷாட்ஒன், ஏபிஐஃபிளாஷ் போன்றவை படத்தையே விற்கின்றன. பிரவுசர்லெஸ் போன்றவை தொலைவில் ஓடும் உலாவியை வாடகைக்குத் தந்து, அதை ஆட்டுவிக்கும் பொறுப்பை நிரலாளரிடமே விட்டுவிடுகின்றன. இணைப்புகளைத் தொகுக்கும் தளங்களில் தோன்றும் சிறுபடம், சமூக ஊடகத்தில் இணைப்பைப் பகிரும்போது விரியும் 1200-க்கு 630 பிக்சல் அட்டை, புதிய பதிப்பை வெளியிடுமுன் பழைய தோற்றத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை, ஒரு பக்கம் குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பதற்கான பதிவு எனப் பயன்கள் பலவாயினும், விளம்பரங்களில் எல்லாச் சேவைகளும் ஒரே முகத்தோடுதான் காட்சி தருகின்றன. வேறுபாடு தெரியவருவது பக்கம் ஒத்துழைக்க மறுக்கும்போதுதான்; ஒரு சேவையை அளக்க வேண்டிய இடமும் அதுவே.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. திரையில் எதையும் காட்டாமல் பின்னணியில் மட்டும் ஓடும் உலாவியை ஹெட்லெஸ் உலாவி என்பர். 2011-இல் அரியா ஹிதாயத் வெளியிட்ட ஃபேண்டம்ஜேஎஸ் இத்துறையில் பல ஆண்டுகள் கோலோச்சியது. 2017-இல் குரோம் 59ஆம் பதிப்பு அந்த வசதியைத் தனக்குள்ளேயே கொண்டுவந்ததும் அதன் தேவை குறைந்து, 2018-இல் அதன் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது. குரோமை நிரலிலிருந்து இயக்க உதவும் பப்பெட்டியர் என்னும் நூலகத்தை கூகிள் 2017-இலும், பிற உலாவிகளையும் சேர்த்து இயக்கும் பிளேரைட்டை மைக்ரோசாஃப்ட் 2020-இலும் வெளியிட, சந்தையில் உள்ள சேவைகளில் பெரும்பாலானவை குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தின்மேல் வந்து நின்றன. அந்நிலையில், தாங்கள் உண்மையான குரோமையே பயன்படுத்துவதாக ஒரு சேவை பெருமைப்படுவது, அரிசியில்தான் சோறு வடிக்கிறோம் என்று உணவகம் பலகை மாட்டுவதற்கு ஒப்பானது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பக்கம் முடிந்துவிட்டது என்று அந்தச் சேவை எப்போது முடிவெடுக்கிறது என்பதாகும். உலாவி எழுப்பும் லோட் என்னும் நிகழ்வு, மூல ஆவணமும் அது நேரடியாகக் குறிப்பிடும் படங்கள் முதலியவையும் வந்து சேர்ந்ததை மட்டுமே அறிவிக்கிறது. அதன்பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தரவைக் கேட்டு வாங்கி உள்ளடக்கத்தை வரையும் இன்றைய பக்கங்களில், அந்த நிமிடத்தில் எடுத்த படத்தில் சுழலும் வட்டமும் சாம்பல் நிறக் கட்டங்களும்தான் மிஞ்சும். இதற்கு மாற்றாக வலையமைப்பு ஓய்வு என்னும் அளவுகோல் கையாளப்படுகிறது. பப்பெட்டியரில் இது இருவகைப்படும்: ஒன்று, 500 மில்லிநொடிகளுக்கு எந்த இணைப்பும் திறந்திருக்கக் கூடாது, மற்றது, இரண்டு இணைப்புகள்வரை திறந்திருக்கலாம். விளம்பரங்களும் அரட்டைப் பெட்டிகளும் வருகையை எண்ணும் நிரல்களும் ஓயாமல் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும் செய்தித் தளத்தில் முதல்வகை ஓய்வு வாய்ப்பதே அரிது. கோரிக்கை காலக்கெடுவைத் தொட்டுத் தோற்றுப்போகும். பிளேரைட்டின் ஆவணங்களே இந்த அளவுகோலைத் தவிர்க்கும்படி அறிவுறுத்துகின்றன.

நம்பகமான வழி, பக்கத்தில் குறிப்பிட்ட ஓர் உறுப்பு தோன்றும்வரை காத்திருப்பதாகும். கட்டுரையின் தலைப்போ விலைப்பட்டியலோ வரையப்பட்டதும் படம் எடு என்று சொல்ல முடிந்தால், பின்னணியில் எத்தனை இணைப்புகள் ஓடினாலும் கவலையில்லை. ஆனால் இது தெரிந்த பக்கங்களுக்கே பொருந்தும். பயனர் எந்த முகவரியை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்னும் பயன்பாட்டில் எந்த உறுப்புக்காகக் காத்திருப்பது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அங்கே தேவைப்படுவது இரண்டு: மொத்தக் காலத்துக்கு ஓர் உச்சவரம்பு, அந்த வரம்பு வந்தபோது பிழை என்று கைவிரிக்காமல் அதுவரை வரையப்பட்டதைப் படமாக்கித் தரும் ஏற்பாடு. இந்த இரண்டாவது வசதி சிறியதாகத் தெரிந்தாலும், நடைமுறையில் ஒரு சேவையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

முழுப் பக்கத்தையும் ஒரே நீளப் படமாக எடுப்பது தனிக் கலை. 2019-இல் குரோம் 76ஆம் பதிப்பு, திரைக்கு அருகே வந்தால் மட்டுமே படத்தை ஏற்றும் பண்பை எச்டிஎம்எல்லிலேயே ஏற்றுக்கொண்டபின், கீழே உருட்டாமல் எடுத்த நீளப் படங்களில் நடுவே வெற்று இடங்கள் காணப்படுவது வழக்கமாயிற்று. நல்ல சேவை முதலில் பக்கத்தின் அடிவரை மெல்ல உருட்டிச் சென்று, மீண்டும் மேலே வந்து, பிறகே படம் எடுக்கிறது. திரையின் உயரத்துக்கு நிகராக நீளும்படி எழுதப்பட்ட முகப்புப் படங்கள் இன்னொரு சிக்கலைத் தருகின்றன. முழுப் பக்கத்தையும் அடக்குவதற்காக உலாவியின் சாளரத்தை ஏழாயிரம் பிக்சலுக்கு நீட்டினால், அந்த முகப்புப் படமும் ஏழாயிரம் பிக்சலுக்கு நீண்டு, மற்ற உள்ளடக்கத்தைக் கீழே தள்ளிவிடும். சாளரத்தை நீட்டாமல் துண்டு துண்டாக எடுத்து ஒட்டினாலோ, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டியல் ஒவ்வொரு துண்டிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். உயரம் 16,384 பிக்சலைத் தாண்டும்போது குரோமில் பக்கத்தின் மேற்பகுதியே மீண்டும் கீழே வரையப்படும் கோளாறு நிரலாளர் பலருக்கும் அறிமுகமானது. வெப்பி வடிவத்தில் படத்தின் அகலமோ உயரமோ 16,383 பிக்சலைத் தாண்ட முடியாது என்பதால், மிக நீளமான படத்தை அவ்வடிவில் கேட்பதும் வீண். கூர்மைக்காகப் பிக்சல் அடர்த்தியை இரட்டிப்பாக்கினால் மொத்தப் பிக்சல் நான்கு மடங்காவதோடு, இந்த வரம்புகளும் பாதித் தொலைவிலேயே வந்துவிடுகின்றன.

தமிழ்ப் பக்கங்களைப் படமாக்குவோர் எழுத்துருவைத் தனியாகச் சோதித்தாக வேண்டும். சேவைகள் பெரும்பாலும் கண்டெய்னர் எனப்படும் சிறு லினக்ஸ் உறைகளுக்குள் உலாவியை ஓட்டுகின்றன. அளவைக் குறைப்பதற்காக அவ்வுறைகளில் லத்தீன் எழுத்துருக்கள் மட்டும் வைக்கப்பட்டிருந்தால், தமிழ் வரவேண்டிய இடமெங்கும் வெற்றுக் கட்டங்கள் வரிசைகட்டும். இங்கே எளிதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. தன் எழுத்துருவைத் தானே அனுப்பும் தளத்தை வைத்துச் சோதித்தால், சேவையிடம் தமிழ் எழுத்துரு இல்லாதபோதும் படம் சரியாகவே வரும். ஆகையால் கணினியில் இருக்கும் எழுத்துருவையே நம்பியிருக்கும் பழைய பாணிப் பக்கம் ஒன்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும். உலாவிக்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நூலகம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

படத்தின்மேல் தலைப்போ நீர்க்குறியோ பொறிக்கும் வசதியில் நிலைமை வேறு. அந்த எழுத்தை உலாவி வரைவதில்லை. தனியாக ஒரு பட நூலகம் வரைகிறது. பைத்தானின் பில்லோ நூலகம், எழுத்தமைப்புத் துணை நூலகம் இணைக்கப்படாத நிலையில், எழுத்துகளை அவை சேமிக்கப்பட்ட வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும். தேனி என்னும் சொல்லில் ஏகாரக் கொம்பு கணினியில் தகரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தமைப்பின் வேலை. அது நடக்காதபோது தகரம் முதலில் நிற்க, கொம்பு அதன் வலப்பக்கம் விழுந்து, னகரத்துக்கு முன்னால் அநாதையாகத் தொங்கும். பக்கத்தின் உள்ளே தமிழ் குறையின்றி இருக்க, அதன்மேல் பொறித்த ஒரே வரி மட்டும் சிதைந்திருக்கும் படங்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. பொறிக்கும் வேலையையும் எச்டிஎம்எல்லாக எழுதி உலாவியிடமே ஒப்படைத்துவிடுவது எளிய தீர்வு.

குக்கி ஒப்புதல் பெட்டிகளை மறைப்பதாகப் பல சேவைகள் வாக்களிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபின் இப்பெட்டிகள் பெருகின. பல தளங்கள் வருகையாளரின் இடத்தைப் பார்த்தே அவற்றைக் காட்டுவதால், சேவையின் சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறதா வேறெங்கோ இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் படம் மாறும். மறைக்கும் பட்டியல்களை யாராவது தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. சந்தாவில் ஒரு பகுதி உண்மையில் இந்த ஓயாத உழைப்புக்கான கூலி. தானியங்கிகளைத் தடுக்கும் தளங்களைப் பொறுத்தவரை, எந்தச் சேவையும் எல்லாவற்றையும் கடந்துவிட முடியாது. கடந்துவிடுவோம் என்று சொல்லும் சேவையைச் சற்று ஐயத்தோடு பார்ப்பதே நல்லது.

தடுக்கப்பட்டபோது என்ன நேர்கிறது என்பது அதைவிட முக்கியம். நீங்கள் மனிதர்தானா என்று கேட்கும் பக்கமும், பக்கம் காணப்படவில்லை என்னும் 404 பக்கமும் உலாவியின் கண்ணுக்குப் பக்கங்களே. அவற்றை அழகாகப் படமெடுத்து, வெற்றி என்பதற்கான 200 குறியீட்டோடு அனுப்பி, கட்டணத்தையும் கணக்கில் ஏற்றிவிடும் சேவைகள் உண்டு. மூலத் தளம் தந்த குறியீட்டைப் பதிலின் தலைப்பகுதியில் தெரிவிக்கும் சேவையாக இருந்தால், நிரல் அதைப் பார்த்துப் படத்தை ஒதுக்கிவிடலாம். தோல்விக்குக் கட்டணம் உண்டா, முன்பே எடுத்துச் சேமித்த படத்தையே மறுபடி தரும்போது அதுவும் எண்ணிக்கையில் சேருமா என்னும் இரண்டையும் விலைப்பட்டியலில் தேடிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த திட்டம் சில நேரங்களில் மலிவல்ல என்பது புலப்படும்.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது வாடகைக்கு வாங்குவதா, சொந்தமாக ஓட்டுவதா என்னும் கேள்வியும் கூடவே எழுகிறது. வெளியார் தரும் முகவரியைத் தன் சர்வரிலிருந்து திறப்பது, அந்த சர்வர் மட்டுமே எட்டக்கூடிய உள் முகவரிகளையும் அவருக்குத் திறந்துவிடுவதாகும். மேகக் கணிமை இயந்திரங்களில் 169.254.169.254 என்னும் முகவரி, அவ்வியந்திரத்தின் தற்காலிகக் கடவுச்சான்றுகளைத் தரக்கூடியது. 2019-இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியிலிருந்து ஏறத்தாழ பத்துக் கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் கசிந்த நிகழ்வில், சர்வரையே ஏவி உள் முகவரியைக் கேட்கவைக்கும் இவ்வகை உத்திதான் கையாளப்பட்டது. அது படமெடுக்கும் சேவையால் நேர்ந்ததன்று என்றாலும், வழி ஒன்றே. அவ்வாண்டு நவம்பரில் அமேசான் அந்த முகவரிக்கு, முதலில் டோக்கன் பெற்றாக வேண்டும் என்னும் புதிய நடைமுறையைக் கொண்டுவந்தது. பயனர் தரும் முகவரிகளைப் படமெடுக்கும் பயன்பாட்டுக்கு வெளிச் சேவையை அமர்த்துவதில் உள்ள பெரிய ஆதாயம், அந்த ஆபத்தான உலாவி சொந்த வலையமைப்புக்கு வெளியே ஓடுகிறது என்பதே. அதற்கு ஈடாக ஏபிஐ சாவியைக் காக்கும் பொறுப்பு வந்து சேர்கிறது: படத்தின் முகவரியைப் பக்கத்தில் நேரடியாக இடுவதானால், சாவி வெளியே தெரியாதபடியும் அளவுருக்களைப் பிறர் மாற்ற முடியாதபடியும் கையொப்பமிட்ட முகவரிகளை அனுமதிக்கும் சேவையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சொந்தமாக ஓட்டுவோர் எதிர்கொள்ளும் தொல்லைகள் படத்தைப் பற்றியவை அல்ல, உலாவியைக் கட்டிமேய்ப்பது பற்றியவை. டாக்கர் உறைக்குள் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 மெகாபைட் மட்டுமே என்பதால் கனமான பக்கங்களில் குரோம் திடீரென்று விழும்; மூடப்படாத உலாவிச் செயல்முறைகள் தேங்கி நினைவகத்தைத் தின்னும்; அமேசான் லாம்ப்டாவில் விரித்த நிரல் தொகுப்புக்கு 250 மெகாபைட் வரம்பு இருப்பதால் குரோமியத்தைச் சுருக்கியே ஏற்ற வேண்டியிருக்கும்.

எனினும் தன் நிறுவனத்தின் பக்கங்களை மட்டும், நாளுக்குச் சில முறை படமெடுப்பவர் சந்தா கட்டுவது வீண்செலவு. பிளேரைட்டில் எழுதிய சில வரிகளே அதற்குப் போதும். தோற்ற ஒப்பீட்டுச் சோதனைக்கு வெளிச் சேவை செலவு மட்டுமல்ல, பொருத்தமற்றதும்கூட. சேவை தன் உலாவியை அறிவிப்பின்றிப் புதுப்பிக்கும் நாளில் எழுத்தின் ஓரங்கள் ஒரு பிக்சல் நகர்ந்து, நிரலில் எதுவும் மாறாமலே எல்லாச் சோதனைகளும் சிவப்பாகிவிடும். பிளேரைட் ஒப்பீட்டுப் படங்களின் கோப்புப் பெயரில் உலாவியையும் இயங்குதளத்தையும் சேர்த்து எழுதுவது இந்தக் காரணத்தால்தான்.

ஒப்பந்தத்துக்கு முன் சேவையின் மாதிரிப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, தனக்கு உண்மையில் தேவைப்படும் பக்கங்களில் மோசமானவற்றைத் திரட்டிக்கொள்வது பயன் தரும்: விளம்பரம் மண்டிய செய்தித் தளம், முடிவின்றி நீளும் பட்டியல், எழுத்துரு அனுப்பாத தமிழ்ப் பக்கம், வேண்டுமென்றே பதில் தராமல் தொங்கவிடும் ஒரு முகவரி. அவற்றை நெரிசல் மிகுந்த வேளையிலும் ஓய்ந்த வேளையிலும் அனுப்பி, வந்த படங்களை நிரலால் அன்றிக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். கோப்பின் அளவு சரியாக இருந்தும் உள்ளே வெறும் குக்கிப் பெட்டி இருப்பதை எந்த நிரலும் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. ஒவ்வொரு சேவையும் அளவுருக்களுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருப்பதால், அழைப்பு முழுவதையும் ஒரே செயற்கூறுக்குள் அடக்கி, படங்களைச் சேவையின் கேச்சில் விடாமல் சொந்தச் சேமிப்பிடத்துக்கு நகர்த்திவைத்திருப்பவர், விலை ஏறும்போதோ சேவை மூடப்படும்போதோ அந்த ஒரு செயற்கூறை மட்டும் திருத்தினால் போதும்.