சபை ஐயரைத் தாங்குவது எப்படி? அக்காவின் 8 டிப்ஸ்

நம் சபைக் குருவானவரான ஐயர் தெருவில் வந்தால் எழுந்து நிற்கிறோம். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைக்கிறோம். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் சால்வை போடுகிறோம். மரியாதையில் நம் தென் மாவட்டச் சபைகள் குறை வைப்பதில்லை. ஆனால் ஐயர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினாரா என்று விசாரிக்கிற ஆள் குறைவு. அவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார். சபையார் நாம்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இத்தனை வருடம் இருந்து பார்த்ததில் பலன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

1. ஞாயிறு காலைப் பசியைக் கவனியுங்கள்

ஒரு சேகரத்தில் பல கிராமச் சபைகள் இருக்கும். சேகர குரு ஒருவர்தான். திருவிருந்து ஞாயிறன்று பல குருமார்கள் வெறும் வயிற்றோடு ஆராதனை நடத்துவார்கள். ஓர் ஊரில் முடித்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்து, பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். கிளம்பும்போதுதான் வாசலில் நாலு பேர், "ஐயா, ஒரு சின்ன ஜெபம்" என்று நிறுத்துவார்கள். சர்க்கரை நோய் உள்ள ஐயருக்கு இது ஆபத்து. ஆலயத்தின் அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரியில் ஒரு டிபன் பாக்ஸில் இட்லியும் ஃபிளாஸ்கில் காபியும் வையுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரையும் உள்ளே விடாமல் ஒருவர் கதவருகே நில்லுங்கள்.

2. வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள்

நமக்கு ஓய்வு நாள் ஞாயிறு. ஐயருக்கு அதுதான் வேலை அதிகமான நாள். அதனால் திங்கட்கிழமையை அவருடைய ஓய்வு நாளாகச் சபைக் கமிட்டியே அறிவிக்கட்டும். மரணம், விபத்து, ஆஸ்பத்திரி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அன்று செயலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ் ஆராதனை, 31 இரவு ஆராதனை, விடிந்தால் புத்தாண்டு. லெந்து நாட்கள் தொடங்கினால் பெரிய வெள்ளியின் மூன்று மணி நேரத் தியானம், ஈஸ்டர் அதிகாலை ஆராதனை வரை ஓயாது. இவை முடிந்த கையோடு ஐயர் குடும்பத்தைச் சில நாள் சொந்த ஊருக்கு அனுப்பிவையுங்கள். அவர் இல்லாத ஞாயிறுக்கு ஓய்வுபெற்ற குருவானவர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம்.

3. இடமாற்றத்துக்கு முன்பே குருமனையைத் தயார் செய்யுங்கள்

குருமனையில் குடியிருக்கும் ஐயருக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். புதிய ஐயர் லாரியில் சாமான் இறக்கும்போது கூரை ஒழுகுவதும் மோட்டார் ஓடாததும் தெரியவந்தால் எவ்வளவு சங்கடம்! தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, மின்விசிறி, சமையலறைக் குழாய் எல்லாவற்றையும் அவர் வருமுன்பே பாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம், கேஸ் இணைப்பு, பால்காரர் ஆகியவற்றுக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். முதல் மூன்று நாள் சாப்பாடு சபை வீடுகளிலிருந்து முறை வைத்துப் போகட்டும்.

4. பண உதவியை ஒழுங்குபடுத்துங்கள்

திருமண்டல ஐயர்களுக்குச் சம்பளமாவது உண்டு. தனிச் சபை நடத்தும் பாஸ்டர்கள் பலருக்கு ஞாயிறு காணிக்கைதான் எல்லாம். அதிலும் ஹால் வாடகை, மின்கட்டணம் போக மிஞ்சுவதே வீட்டுக்கு. மனம் வந்தபோது கொடுப்பதைவிட, மாதம் ஒரு தேதியில் குறிப்பிட்ட தொகையைப் பொருளாளர் வழியாகக் கொடுங்கள். ரசீதும் கணக்கும் இருந்தால் பாஸ்டர் யாருக்கும் தனிப்பட்ட முறையில் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். கல்விச் செலவுக்கு ஜூன் மாதத்தில் தனி நிதி வையுங்கள்.

காப்பீடும் முக்கியம். எந்நேரமும் பைக்கில் போகிறவருக்கு, வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமரின் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டை இன்றே எடுத்துக் கொடுங்கள். விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். உபதேசியார்களுக்கும் ஆலயப் பணியாளர்களுக்கும் தமிழக அரசு நல வாரியம் அமைத்திருக்கிறது. உங்கள் உபதேசியார் அதில் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள்.

5. ஐயரம்மாவைச் சம்பளமில்லாத ஊழியராக்காதீர்கள்

பெண்கள் கூட்டம், ஓய்வுநாள் பள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் டீ என்று ஐயரின் மனைவிக்கும் ஓய்வில்லை. ஆசிரியையாகவோ நர்ஸாகவோ வேலைக்குப் போகிறவர்களிடம், "சங்கக் கூட்டத்துக்கு ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். குருமனைக்குப் போகுமுன் போன் செய்யுங்கள். ஐயர் வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடட்டும், மதிப்பெண் குறையட்டும். "ஐயர் பிள்ளை இப்படியா?" என்ற பேச்சை யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பேச்சால் ஆலயத்தையே வெறுத்துப்போன பிள்ளைகள் உண்டு.

6. குறையை நேரில் சொல்லுங்கள்

பிரசங்கம் நீண்டதா, ஒரு வீட்டைச் சந்திக்கவில்லையா? வாரநாளில் நேரம் கேட்டு, தனியாகச் சொல்லுங்கள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் பிள்ளைகள் முன்னால் ஐயரைத் தாளிக்க வேண்டாம். கமிட்டித் தேர்தலில் எந்த அணிக்கும், எந்தச் சாதிக்கும் அவரை இழுக்காதீர்கள். திருவிருந்து கொடுக்கிற கை எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதே சமயம், ஊழியரைத் தாங்குவது வேறு, தவறை மூடுவது வேறு. பணத்திலோ நடத்தையிலோ தவறு என்றால் முறைப்படி பேராயருக்கு எழுதுங்கள்.

7. காகித வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

ஞானஸ்நானப் பதிவேடு, 1872 ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படியான பதிவுகள், சபைக் கணக்கு, கட்டட அனுமதி, பட்டா என்று எழுத்து வேலை குவியும். கணினி தெரிந்த வாலிபர் இருவரும், ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரும் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். கையெழுத்தும் இறுதிச் சரிபார்ப்பும் மட்டும் ஐயருக்கு இருக்கட்டும்.

8. மனபாரத்துக்கு வழி விடுங்கள்

இரவில் மரணச் செய்தி, காலையில் அடக்க ஆராதனை, சாயங்காலம் அதே அங்கியோடு கல்யாணம். ஊரார் ரகசியமெல்லாம் அவரிடம் வரும். அவர் அழுவதற்கு இடமில்லை. 1 இராஜாக்கள் 19ஐ வாசியுங்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குக் கர்த்தர் முதலில் கொடுத்தது தூக்கமும் அடையும் தண்ணீரும்தான். புத்திமதி பிறகே வந்தது. ஐயர் சோர்ந்திருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். சக ஊழியர்களோடு தியான முகாமுக்குப் போகச் செலவு கொடுங்கள். தூக்கமின்மையும் எரிச்சலும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் மட்டும் கொண்டுவாருங்கள்: திங்கட்கிழமை விடுமுறை, காப்பீடு, ஜூன் மாதக் கல்வி நிதி. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஐயர் மாறினாலும் தீர்மானம் நிற்கும். அடுத்து வருகிறவருக்கும் உதவும்.