பிள்ளைக்கு நாப்பித் துணி: எதை எடுக்கலாம்?

மதுரை வெயிலில் நாள் முழுக்க டயப்பர் கட்டினால் பிள்ளைக்குப் புழுங்கும், இடுக்கு சிவந்துவிடலாம். பகலுக்குத் துணியே மேல்.

1. பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியைக் கிழியுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றிருக்கும், ஈரத்தைச் சட்டென உறிஞ்சும். சரிகைக் கரை உறுத்தும், வெட்டிவிடுங்கள்.

2. விளக்குத்தூண் பக்கம் புதிதாக வாங்குவதானால் மல்மல் கேளுங்கள், சீக்கிரம் காயும். பருத்திதானா என்று சந்தேகமா? வீட்டில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி உருண்டால் பாலியஸ்டர் கலந்தது.

3. புதுத் துணியை இரண்டு மூன்று முறை அலசுங்கள். கஞ்சி போனால்தான் ஈரம் இழுக்கும்.

4. புதுச் சுங்குடி வேண்டாம். சாயம் இறங்கலாம்.

5. துவைக்கும்போது வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள். நூலில் படிந்து உறிஞ்சவிடாது.

எந்தத் துணியானாலும் நனைந்ததும் மாற்றிவிடுங்கள்.